‘செய்தது யார்?’ என்று கேட்காத ஆங்கில வகுப்பு

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு அரசுப் பள்ளிகளில் ஒரு பட்டியல் தயாராகும். ‘மெல்லக் கற்போர்’ என்று அதற்குப் பெயர். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் 35 மதிப்பெண்ணைத் தொட மாட்டார்களோ என்று பள்ளி நிர்வாகம் பயப்படும் பிள்ளைகள் அதில் இருப்பார்கள். திருப்பூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் வேலை செய்யும் தோழர்கள் இந்த ஆண்டுப் பட்டியலைக் கையில் எடுத்து, பெயர்களை விட்டுவிட்டு, பெற்றோரின் வேலையையும் முகவரியையும் மட்டும் படித்துப் பாருங்கள். அப்பா சாயப்பட்டறை, அம்மா பிசிர் வெட்டுவது. அப்பா இல்லை, அம்மா செக்கிங். அப்பா தூய்மைப் பணி, அம்மா பேக்கிங். முகவரி: காலனி, லைன் வீடு, மறுபடியும் காலனி. சாதி என்று ஒரு கட்டம் அந்தப் பட்டியலில் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தப் பிள்ளைகள் மெல்லக் கற்கிறார்களா, அல்லது இவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதே இல்லையா? நாம் பேச வந்தது இதைத்தான். குறிப்பாக ஆங்கில வகுப்பில், அதிலும் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியையும் இலக்கணப் பயிற்சியையும் பற்றி. சாதி ஒழிப்புத் தளத்தில் ஆங்கில இலக்கணம் எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்க வேண்டும்.

பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்குத் தனியாக ஒரு மெல்லிய கையேடு தரப்படும். மனப்பாடப் பாட்டு, வழி சொல்லும் படம், எதைக் கேட்டாலும் எழுதக்கூடிய ஒரு கடிதம். பத்தியைப் படித்து விடை எழுதும் பகுதிக்கு ஒரு சூத்திரம் உண்டு: கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று பார், அந்த வரியை அப்படியே எழுது. இந்தச் சூத்திரம் எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பதைத் தமிழிலேயே பார்க்கலாம். “கமரான் நேற்றுத் துளிஞ்சியில் ஒரு பெசலியைக் கிண்மினான்.” கமரான் எதைக் கிண்மினான்? ஒரு பெசலியை. எங்கே கிண்மினான்? துளிஞ்சியில். எப்போது? நேற்று. மூன்றுக்கும் முழு மதிப்பெண். கமரான் யார், பெசலி என்பது தின்பதா உடுத்துவதா, கிண்முவது நல்லதா கெட்டதா என்று எதுவும் தெரியாமலே தேறிவிடலாம். அர்த்தமே இல்லாத ஒரு வாக்கியத்துக்கு இது சாத்தியம் என்றால், அர்த்தமுள்ள பத்திக்கும் அர்த்தத்தின் பக்கமே போகாமல் விடை எழுதலாம். பத்து ஆண்டு ஆங்கிலம் படித்த பிள்ளை ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆசிரியர்மேல் பழி போடுவது எளிது. ஆனால் அவர் தலைக்கு மேலே தொங்குவது தேர்ச்சி விழுக்காடு. 2024இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது திருப்பூர் மாவட்டம்தான், 97.45 விழுக்காடு. அதில் பிள்ளைகளின் உழைப்பு இருக்கிறது, ஆசிரியர்களின் உழைப்பும் இருக்கிறது. அதை நாம் இழிவுபடுத்தவில்லை. ஆனால் அந்த நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரில் எத்தனை பேர் பாடப்புத்தகத்துக்கு வெளியே உள்ள ஓர் ஆங்கிலப் பத்தியைத் தாமாகப் படித்துப் பொருள் சொல்வார்கள் என்று எந்த மாவட்டத் தரவரிசையும் அளப்பதில்லை. இந்திய அளவில் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வு ஓரளவு அளக்கிறது. 2016இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 24.7 விழுக்காடு. 2022இல் 24.5. எட்டாம் வகுப்பில் 45.3 ஆக இருந்தது 46.7 ஆனது. ஆறு ஆண்டுகளில் ஒரு மாற்றமும் இல்லை. அதுவும் இது எழுத்துக் கூட்டி வாசிக்கும் திறன் மட்டும். பொருள் சொல்லச் சொன்னால் இதுவும் குறையும்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றம் பத்தாம் வகுப்பில் நிச்சயமாகக் கேட்கப்படும் கேள்வி. ரவி கடிதம் எழுதினான்; கடிதம் ரவியால் எழுதப்பட்டது. இப்படி நூறு வாக்கியங்களைப் புரட்டிப் போடுவார்கள். கூடவே ஒரு விதியையும் சொல்லிக்கொடுப்பார்கள்: செய்தவர் யார் என்று தெரியாவிட்டாலோ, எல்லாருக்கும் தெரிந்ததாக இருந்தாலோ, அது முக்கியமில்லை என்றாலோ ‘இன்னாரால்’ என்பதை விட்டுவிடலாம். பிள்ளைகளும் விட்டுவிடுகிறார்கள். யாருக்கு முக்கியமில்லை என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை.

நம் மாவட்டத்திலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுப்போம். 2018 ஜூலையில் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராக வந்தார். அவர் கையால் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் பள்ளிக்கு வந்து தடுத்தார்கள். அதிகாரிகள் தடுத்தவர்களைப் பிடிக்கவில்லை, சமையலரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அம்பேத்கரிய, பெரியாரிய, இடதுசாரி இயக்கங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் அந்த மாறுதல் உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. தீர்ப்பு வர ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்கு 2 ஆண்டுச் சிறை விதித்தது.

நடந்ததை ஒரே வரியில் எழுதச் சொன்னால் அலுவலக மொழி எப்படி எழுதும்? ‘சமையலர் இடமாற்றம் செய்யப்பட்டார்.’ இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். இதைச் செய்வினையாக மாற்று என்று ஒன்பதாம் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். ‘அதிகாரி சமையலரை இடமாற்றம் செய்தார்’ என்று ஒரு பிள்ளை எழுதும். மதிப்பெண் கொடுத்துவிட்டு, அதிகாரியை மாற்றச் செய்தது யார் என்று கேளுங்கள். ‘சாதிக்காரர்கள் அதிகாரியைக் கொண்டு சமையலரை மாற்ற வைத்தார்கள்’ என்று இன்னொரு பிள்ளை எழுதும். இரண்டில் எது சரி என்று வகுப்பில் பேச்சு எழும். அந்தப் பேச்சுத்தான் இலக்கண வகுப்பு. அதற்குப் பிறகு செயப்பாட்டுவினை அந்தப் பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது. வினைச்சொல்லின் மூன்றாம் வடிவத்தைத் தப்பாக எழுதினால்கூட, வாக்கியத்துக்குள் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம் என்பது தெரிந்துவிடும்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள நோய் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ் நாளிதழைப் பிரித்தால் ‘தாக்கப்பட்டார்’, ‘எரிக்கப்பட்டது’, ‘அவமதிக்கப்பட்டார்’. இன்னும் மோசமானது ‘இரு பிரிவினரிடையே மோதல்’. ஒரு பக்கம் குடிசை எரிந்திருக்கும், மறு பக்கம் தீப்பெட்டி இருந்திருக்கும். வாக்கியத்தில் இரண்டும் சம எடையில் எழுவாயாக நிற்கும். தமிழ்ப் பாடவேளையிலும் இதே கேள்வியைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆங்கிலத்தில் கேட்பதற்குத் தனிக் காரணம், சட்டமும் தீர்ப்பும் ஒப்பந்தமும் பெரும்பாலும் அந்த மொழியில்தான் வந்து சேர்கின்றன.

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில மூலத்தில் அது இரண்டே வாக்கியம். தீண்டாமை ஒழிக்கப்பட்டுவிட்டது, அதை எந்த வடிவத்தில் கடைப்பிடிப்பதும் தடை செய்யப்படுகிறது என்பது முதல் வாக்கியம். அதுவும் செயப்பாட்டுவினைதான், செய்தவர் பெயர் அங்கேயும் இல்லை. ஆனால் அங்கே பெயர் இல்லாதது யாரையும் ஒளிப்பதற்காக அல்ல. அரசு, கோயில், தேநீர்க் கடை, பக்கத்து வீடு என்று யாரும் ‘இது என்னைக் கட்டாது’ என்று சொல்ல முடியாதபடி எல்லாரையும் உள்ளே இழுப்பதற்காக. ஒரே இலக்கண வடிவம், நேர் எதிரான இரண்டு வேலை. இதை விளக்குவதற்கு ஒரு பாடவேளை போதும்.

அதே அரசியலமைப்பில் 16ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, வேலைவாய்ப்பில் இடஒதுக்கீட்டுக்கான அடித்தளம். அது ‘அரசு இடஒதுக்கீடு தர வேண்டும்’ என்று சொல்லவில்லை. ‘இந்தப் பிரிவில் உள்ள எதுவும் அரசு இடஒதுக்கீடு தருவதைத் தடுக்காது’ என்று சொல்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று மேலோட்டமாகப் படிப்பவருக்குத் தோன்றும். 2020 பிப்ரவரியில் உத்தரகாண்ட் வழக்கில், பதவி உயர்வில் இடஒதுக்கீடு தர வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்த முடியாது, அது அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அந்த வாக்கியத்தின் அமைப்பும் நம் பிள்ளைகளின் வேலையும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்தத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. ஆனால் எதிர்த்து வாதிடவும் முதலில் வாக்கியத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘ஷால்’ எங்கே வருகிறது, ‘மே’ எங்கே வருகிறது, எதிர்மறை எதன்மேல் விழுகிறது என்பதெல்லாம் வகுப்பறையில் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வி. நீதிமன்றத்தில் அதுவே ஒரு தலைமுறையின் சம்பளம்.

டெல்லிவரை போக வேண்டியதில்லை, பனியன் கம்பெனிக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் இந்த ஊரில் தொழிலாளியின் வாயில் ஆங்கிலம் இல்லை என்று யார் சொன்னது? ஓவர்லாக், பிளாட்லாக், பவர் டேபிள், கட்டிங், ரிஜெக்சன், பீஸ் ரேட், ஒன்றரை ஷிப்டு, ஷிப்மென்ட். பள்ளிக்கே போகாத அம்மாவுக்கு இந்தச் சொற்கள் அத்துப்படி. ஆனால் கவனித்துப் பாருங்கள், அத்தனையும் பெயர்ச்சொற்கள். தரைத்தளத்துக்குப் பெயர்ச்சொற்கள் மட்டும் இறங்கி வந்திருக்கின்றன. வினைச்சொல்லும் முழு வாக்கியமும் மாடியில், மெர்ச்சன்டைசரின் கணினியில் தங்கிவிட்டன. கழுத்துப்பட்டி எத்தனை அங்குலம் இறங்க வேண்டும் என்று இருபது ஆண்டாகத் தைக்கும் டைலருக்குக் கை சொல்லும். பையர் அனுப்பும் அளவுத் தாளில் அது பற்றி எழுதியிருக்கும் இரண்டு வரியைப் படித்துச் சொல்வதற்கு மேலே இருந்து ஒருவர் இறங்கி வர வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம், இவருக்குப் பீஸ் ரேட். இந்த இரண்டு வரிக்கும் அந்தச் சம்பள வித்தியாசத்துக்கும் நடுவில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பது மாடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும்.

பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் அது இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. திருப்பூர் தொழிலாளியின் வியர்வைப் பணம் அவருக்குத் தெரியாத இரண்டு மொழிகளில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தமிழில் தர வேண்டும் என்பது தனிக் கோரிக்கை, அதை நாம் விடப்போவதில்லை. அதுவரை? தொழிலாளி பங்கு 12 விழுக்காடு. முதலாளி பங்கும் 12, ஆனால் அதில் 8.33 விழுக்காடு, மாதம் 1,250 ரூபாய் உச்சவரம்புக்குள், ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது, மீதிதான் பி.எஃப். கணக்கில் விழுகிறது. அதனால் இரண்டு பத்தியிலும் ஒரே தொகை இருக்காது. இது தெரியாமல் ‘முதலாளி பாதியைத் தின்றுவிட்டான்’ என்று சண்டைக்குப் போனவரும் உண்டு, உண்மையிலேயே கட்டாமல் ஏமாற்றியபோது கண்டுபிடிக்க முடியாமல் இருந்தவரும் உண்டு. வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதிவு செய்யாவிட்டால் பணத்தை முழுதாக எடுக்க முடியாது. ஆனால் வேலை விட்டு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் அந்தத் தேதியைப் பதிவு செய்துகொள்ள 2020இலிருந்து வழி இருக்கிறது. திரையில் மூன்று ஆங்கிலச் சொற்களைப் படித்தால் போதும். அந்த மூன்று சொற்களுக்காகத்தான் பிரவுசிங் சென்டரில் வரிசையும் கட்டணமும்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் வீட்டில் இருக்கும்போதே இந்தக் கட்டணம் போகிறது என்பதுதான் வயிறு எரியும் விஷயம். ஒரு பத்தியைப் படித்து விடை எழுதும் கேள்விக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள்.

இதற்கு மருந்து என்று இப்போது ஊரெல்லாம் விற்பது ஸ்போக்கன் இங்கிலீஷ். புஷ்பா தியேட்டர் பக்கமோ பல்லடம் சாலையிலோ போனால் 30 நாளில், 45 நாளில் என்று தட்டிகள். பேசத் தெரிவது நல்லதுதான், கூச்சம் போகும். ஆனால் 30 நாளில் கிடைப்பது நேர்முகத் தேர்வில் சொல்ல ஐந்து வாக்கியங்கள். அது வேலை கொடுப்பவர் முன் நம்மை நிறுத்தும் ஆங்கிலம். வேலை கொடுப்பவர் நீட்டும் தாளை வாங்கிப் படித்து ‘இந்த வரி என்ன?’ என்று கேட்கும் ஆங்கிலம் வேறு. முதலாவதைக் கடையில் விற்பார்கள். இரண்டாவதை யாரும் விற்க மாட்டார்கள், அது பள்ளியில்தான் கிடைக்க வேண்டும்.

நம் முன்னோர் எந்த ஆங்கிலத்தைத் தேடிப் போனார்கள் என்று பாருங்கள். திருப்பூர் அன்று கோவை மாவட்டம். அந்தக் கோவையில்தான் இரட்டைமலை சீனிவாசன் படித்தார். ஏறக்குறைய வகுப்பு முழுக்கப் பார்ப்பனப் பிள்ளைகள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பள்ளி தொடங்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகு உள்ளே போனதை 1939இல் வெளியான ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் அவரே எழுதியிருக்கிறார். அப்படி ஒளிந்து படித்தவர் 1893இல் ‘பறையன்’ என்று பெயர் போட்டே பத்திரிகை தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதனால் ஆதிக்க சாதியினரே ஆட்சியைப் பிடிப்பார்கள் என்று ஆயிரக்கணக்கானோரின் கையெழுத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு போகச் செய்தார். அந்த அச்சம் வீண் இல்லை: சென்னை மாகாணத்தில் 1892 முதல் 1904 வரை ஐ.சி.எஸ். தேறிய 16 பேரில் 15 பேர் பார்ப்பனர். மனு என்பது உச்சரிப்பு அல்ல, வாக்கியம். எதிரியின் கோரிக்கையைப் படித்துப் புரிந்துகொண்டு, அதற்கு மறுப்பை அதே மொழியில் எழுதத் தெரிந்திருந்ததால் போனது.

அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் படைப்பள்ளி ஆசிரியர். மகனை உட்கார வைத்து மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து மராத்திக்கும் மொழிபெயர்க்கச் சொல்லிப் பழக்கினார். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விடவில்லை, பாரசீகம் எடுக்க வைத்தார்கள். ஆங்கிலத்தை மட்டும் தடுக்க முடியவில்லை. 1936இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய உரையைப் படித்துப் பார்த்துத்தான் லாகூர்க்காரர்கள் மாநாட்டையே ரத்து செய்தார்கள். அதே ஆண்டில் ஈரோட்டில், இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், ‘குடி அரசு’ அந்த உரையைத் தமிழில் வெளியிட்டது. யாரோ ஒருவர் அந்த ஆங்கிலத்தை வரிவரியாகப் படித்துப் பொருள் கண்டதால்தான் சாதி ஒழிப்பின் அடிப்படை நூல் நம் கைக்கு வந்தது. அதுவும் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சிதான்.

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது தாய்மொழி பற்றியது. நாம் ஆங்கிலவழிக் கல்வியை ஆதரிக்கவில்லை. 2012-13இல் தொடங்கி அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டபோது பெரும்பாலும் அதே அறை, அதே ஆசிரியர், பலகை மட்டும் புதிது. அறிவியலையும் கணக்கையும் புரியாத மொழியில் மனப்பாடம் செய்வது இரட்டை இழப்பு. தமிழில் ஒரு பத்தியைப் படித்து ‘ஏன்’ என்று கேட்கத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அது வராது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கோ இரண்டுமே அந்நிய மொழி, அவர்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில் அண்ணா கொண்டுவந்த தீர்மானம் இருமொழிக் கொள்கை. இந்தியை விரட்டியதில் நமக்குப் பெருமை உண்டு. அந்த இரண்டாவது மொழியைக் காலனிப் பிள்ளைக்கு உண்மையிலேயே கற்றுக்கொடுத்தோமா? தனியார் பள்ளிப் பிள்ளைக்கு இருமொழி, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒன்றேகால் மொழி என்றால், அந்த முக்கால் யாருடைய பங்கு?

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கூர்மையானது. திருப்பூரில் கம்பெனி வைத்து வளர்ந்தவர்கள் ஆங்கிலம் படித்தா வளர்ந்தார்கள் என்று கேட்பார்கள். இல்லை. முதல் தலைமுறை முதலாளிகளில் பலர் அதிகம் படிக்காதவர்கள். சரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல், கவுண்டர் சமூகத்தைச் சேர்ந்த முன்னாள் தொழிலாளிகள் எப்படி முதலாளிகள் ஆனார்கள், அதற்கு ‘எங்கள் உழைப்பு’ என்று எப்படி விளக்கம் சொல்கிறார்கள் என்பதை விரிவாகப் பேசுகிறது. நிலம், உறவு முறைக் கடன், சாதிக்காரர் கொடுத்த ஜாப் ஒர்க், இவை இருந்தவருக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. ஆங்கிலம் தெரிந்தவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஆங்கிலம் படித்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நிலமும் இல்லை, கடன் தர மாமன் மச்சானும் இல்லை என்று நிற்கும் அருந்ததியர், பறையர், பள்ளர் வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படிக்க வழியில்லை. அவளேதான் படித்தாக வேண்டும். நாம் சொல்வது இவ்வளவுதான்.

இதற்கு அண்மைக் கால உதாரணமும் உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். கொன்றது அவருடைய சூப்பர்வைசர். ஆலை, திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்த நிறுவனத்தோடும் எச் அண்டு எம் போன்ற பன்னாட்டு பிராண்டுகளோடும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. பணியிடப் பாலியல் வன்முறையைத் தடுப்பதற்காகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் இப்படியொரு ஒப்பந்தம் ஆசியாவில் அதுவரை இல்லை. ‘முயற்சி செய்யும்’ என்பதற்கும் ‘செய்தாக வேண்டும்’ என்பதற்கும் இடையிலான தூரம்தான் அந்த ஒப்பந்தத்தின் உயிர். கம்பெனிச் சுவரில் தொங்கும் நடத்தை விதிப் பலகைகளில் இருப்பது முதலாவது. தொழிற்சங்கம் போராடிப் பெற்றது இரண்டாவது. இந்த வித்தியாசத்தை மேசையில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் நம்மவர்கள். அதே பகுதியின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டத்தில் சிக்கிய பெண்களைப் பற்றி 2011இலும் 2014இலும் நெதர்லாந்து அமைப்புகள் ஆங்கிலத்தில் அறிக்கைகள் வெளியிட்டன. நல்ல அறிக்கைகள். அவை யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அந்தப் பெண்கள் அவற்றைப் படிக்கும் நிலையில் இல்லை.

பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்க வேண்டியது பெரிய பட்டியல் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் இரண்டு பாடவேளை, பாடப்புத்தகத்துக்கு வெளியே உள்ள ஒரு பக்கத்தை மெதுவாகப் படிப்பதற்கு மட்டும், தேர்வு இல்லாமல் ஒதுக்குங்கள். பொதுத்தேர்வில் பத்திக்கான கேள்விகளில் பாதியாவது ‘ஏன்’, ‘எப்படித் தெரிகிறது’, ‘எது சொல்லப்படவில்லை’ என்று இருக்கட்டும். கேள்வி மாறினால் கையேடு தானாக மாறும். ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிகளை நிரப்புங்கள். ‘மெல்லக் கற்போர்’ என்ற சொல்லையே விட்டொழியுங்கள். காலையிலேயே அம்மா கம்பெனிக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பும் வீட்டில், தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுப் பிசிர் வெட்டிக் கொடுக்கும் பெண் எதிலும் மெதுவானவள் இல்லை. 1953இல் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்ததை எதிர்த்து விரட்டினோம். முழு நாளும் பள்ளியில் உட்கார வைத்து அரைப் பாடம் மட்டும் நடத்தினால் போய்ச் சேரும் இடம் அதே இடம்தான்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருப்பூர், பல்லடம், அவிநாசி, தாராபுரம், உடுமலை என்று நம் தோழர்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகங்கள் இருக்கின்றன. அங்கே இப்போது நடப்பது பெரும்பாலும் வீட்டுப்பாடம் எழுத வைப்பது. வாரத்தில் ஒரு நாளை இதற்கு எடுங்கள். முதல் வாரம் ஒரு பி.எஃப். பாஸ்புக் பக்கம். அடுத்த வாரம் 17ஆம் பிரிவு, இரண்டே வாக்கியம், ஒரு மணி நேரம். அதற்கடுத்து ஒரு நியமனக் கடிதம், ஒரு இ.எஸ்.ஐ. படிவம், ஆங்கில நாளிதழில் வந்த ஒரு வன்கொடுமைச் செய்தி. அந்தச் செய்தியில் உள்ள ஒவ்வொரு செயப்பாட்டுவினைக்கும் கீழே கோடு போடச் சொல்லி, செய்தவர் பெயரை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு அகராதி. விவாதம் தமிழில் நடக்கட்டும், விடை எந்த மொழியிலும் இருக்கட்டும். ஆங்கிலம் பட்டப்படிப்பு முடித்தவர்தான் நடத்த வேண்டும் என்பதில்லை; பிள்ளைகளோடு சேர்ந்து அகராதி புரட்டத் தயங்காத ஒருவர் போதும்.

தொழிற்சங்கத் தோழர்களிடமும் வழக்குரைஞர் தோழர்களிடமும் இப்படிப்பட்ட தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். பெயர், எண், முகவரி மூன்றையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு, ஆளுக்குப் பத்து நகல் எடுத்துப் பக்கத்துப் படிப்பகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்பே கொடுத்தால் இன்னும் நல்லது.